மல்வித்தை பயிலும் மருமகளுக்கு

பவானி

அன்புள்ள அம்மிணிக்கு,

கோயம்புத்தூரில் உன் கல்லூரி விடுதிக்கு அருகிலேயே பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்பிக்கும் கூடம் ஒன்று இருக்கக் கண்டு அதில் சேர்ந்துவிட்டாய் என்பதையும், சேர்ந்த சில வாரங்களுக்குள்ளாகவே, வகுப்பு முழுவதும் யாராவது ஒருவருடைய பாரத்துக்கு அடியில் கிடப்பதே அப்பியாசமாகிவிட்டபடியால், இந்த வித்தை எனக்கு வருமா என்ற சந்தேகம் உன்னைப் பற்றிக்கொண்டது என்பதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். அதற்கு மறுநாளே உன் தாயார் தொலைபேசியில் அழைத்து, வயது வந்த பெண் பாயில் புரண்டு மல்லுக்கட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டு வருந்தினார். அபுதாபியில் உத்தியோகம் பார்த்த காலத்தில், அங்கே 2008 முதல் பள்ளிக்கூடங்களிலேயே கற்பிக்கப்பட்டு வரும் இந்த வித்தையை, மாலை வகுப்புகளில் நானும் பயின்றவன் என்பதனால், இருவருக்கும் விடை சொல்லும் கடமை என்னைச் சேர்ந்ததாயிற்று. உன் தாயாரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். உனக்கு எழுத்தில் சொல்வதே நலம், உடம்பு களைத்து மனமும் சோரும் இரவுகளில் எடுத்து மறுபடி வாசித்துக்கொள்ளலாம்.

நீ பயில்வது இன்னதென்று முதலில் தெளிவாக்கிக்கொள். குத்தும் உதையும் இந்த விளையாட்டில் இல்லை. எதிரியைப் பற்றி, நிலைகுலைத்துத் தரையில் சாய்த்து, அவன் எளிதில் கலைக்க முடியாத ஓர் இடத்தைப் பிடித்து அமர்ந்து, முடிவில் அவனுடைய மூட்டு ஒன்றையோ கழுத்தையோ சிக்கவைத்து, போதும் என்று அவனே ஒப்புக்கொள்ளும்படி செய்வதுதான் இதன் லட்சணம். பெயர் கடல் கடந்து வந்ததாயினும் இதன் சாரம் தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. தித்தன் என்னும் சோழனின் மகனாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய செய்யுள் புறநானூற்றில் எண்பதாவதாக அமைந்திருக்கிறது. ஒரு காலை மல்லனுடைய மார்பில் மண்டியாக மடித்து ஊன்றி, மற்றொரு காலை அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைத்து, அவனை அசையவிடாமல் நின்றான் கிள்ளி என்று அந்தச் செய்யுளும் அதன் பழைய உரையும் சேர்ந்து நமக்குக் காட்டுகின்றன. முழங்காலால் உடம்பை அழுத்திக்கொண்டு கைகளைச் சுதந்திரமாக வைத்திருக்கும் பிடியை உன் ஆசிரியர் இதற்குள் உனக்குக் காட்டியிருப்பார். அதைப் பார்க்கும்போது இந்தச் சோழனை நினைத்துக்கொள். மற்போரை அருகில் இருந்து உற்றுப் பார்த்த ஒருவருக்கே இரண்டு கால்களின் வேலையைத் தனித்தனியே பிரித்துச் சொல்லத் தோன்றும் என்பது என் எண்ணம்.

இப்போது நீ பயிலும் உருவம் ஜப்பானில் தோன்றியது. அங்கே பழைய ஜுஜுத்சு முறைகளைக் கற்றுத் தேர்ந்த ஜிகோரோ கானோ என்பவர், 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலைச் சேர்ந்த, பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவேயான ஓர் அறையில் கோடோகன் என்ற பள்ளியைத் தொடங்கினார். உயிருக்கும் உறுப்புக்கும் அபாயமான பிரயோகங்களை அவர் ஒதுக்கிவைத்து, இரண்டு பேர் தம் முழு வலிமையோடு ஒருவரையொருவர் எதிர்த்து மோதியும் மறுநாள் சேதமின்றி மறுபடி பழக வரக்கூடிய பிடிகளையே தேர்ந்து முறைப்படுத்தினார். அதற்கு ஜூடோ என்று பெயர் வைத்தார். நூறு பயங்கரமான பிடிகளைக் காற்றில் செய்து பழகியவனைக் காட்டிலும், பத்துப் பிடிகளை எதிர்க்கின்ற மனிதன்மேல் நாள்தோறும் செய்து பழகியவன் சமர்த்தனாவான் என்ற உண்மையை உலகம் அவரால் அறிந்தது. கோடோகனில் பயின்ற மிட்சுயோ மயேடா, பல தேசங்களில் மற்போர் செய்து சஞ்சரித்து, 1914இல் பிரேசில் சேர்ந்து, பின்னர் அமேசான் முகத்துவாரத்தை அடுத்த பெலெம் நகரில் நிலைகொண்டார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் தம் தம்பியருக்கும் கற்பித்து, 1925இல் ரியோ டி ஜனேரோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். தம்பியருள் இளையவராகிய ஹீலியோ மெலிந்த சரீரமுடையவராதலால், பலத்தால் செய்ய வேண்டியவற்றை நெம்புகோலின் நியாயத்தால் செய்யவும், மல்லாந்து கிடந்தபடியே கால்களால் எதிரியைத் தடுத்து ஆளவும் ஏற்ற வழிகளை ஆராய்ந்து வளர்த்தார் என்று அக்குடும்பத்தார் கூறுவர். அவர் மகன் ராய்ஸ் கிரேசி 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யூஎஃப்சி பந்தயத்தில், ஒரே இரவில் மூன்று எதிரிகளைப் பணியவைத்தபோதுதான் உலகத்தின் பார்வை இந்த வித்தையின்மேல் விழுந்தது. அந்தப் படங்களை நீயும் பார்த்திருப்பாய். அவற்றில் ஜயம் மட்டுமே தெரியும். அந்த ஜயத்துக்கு முன்னே எத்தனை ஆண்டுகள் அவர் சகோதரர்களின் பாரத்துக்கு அடியில் கிடந்து பழகினார் என்பது தெரியாது.

உன் தாயாரின் கேள்விக்கும் இந்தச் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. இரவீந்திரநாத தாகூர் 1905ஆம் ஆண்டிலேயே சானோ என்ற ஜப்பானியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்து ஜுஜுத்சு கற்பிக்கச் செய்தார். பின்னர் 1929இல் ஷின்சோ தகாகாகி என்ற ஜூடோ ஆசானை அழைத்து வந்தபோது, ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பாயில் இறங்கிப் பயின்றார்கள். பொருளாதார மேதை அமர்த்தியா சென்னின் தாயாராகிய அமிதா சென் அப்படிப் பயின்ற பெண்களுள் ஒருவர். அந்த மாணவியர் மேடையில் தம் வித்தையைக் காட்டுவதற்கென்றே, கூச்சத்தை உதறி நிமிரச் சொல்லும் பாடல் ஒன்றைத் தாகூர் இயற்றிக் கொடுத்தார். மகாகவி ஒருவர் தம் ஆசிரமத்துப் பெண்களுக்குத் தகுந்தது என்று கருதிய ஒன்றை, அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, பவானிப் பெண்ணுக்குத் தகாது என்று சொல்ல என்னால் இயலாது. அக்காவும் கேட்டால் இணங்குவார் என்றே நம்புகிறேன்.

இன்னொரு பெண்மணியைப் பற்றியும் நீ அறிந்திருக்க வேண்டும். கானோவுக்கு ஆதியில் கற்பித்த ஆசான் ஒருவரின் பேத்தியாகிய கெய்கோ ஃபுகுடா 1913இல் பிறந்தவர். ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். கானோவிடமே நேரில் பயின்றவர். பெண் என்ற ஒரே காரணத்தால் ஐந்தாம் படிக்கு மேல் அவருக்கு உயர்வு அளிக்காமல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள். அவர் சினந்து வித்தையைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் குடியேறித் தொடர்ந்து கற்பித்தார். 1972இல் ஆறாம் படியும், 2011இல் தொண்ணூற்றெட்டாம் வயதில் அமெரிக்க ஜூடோ சங்கத்தின் வாயிலாகப் பத்தாம் படியும் பெற்று, 2013இல் மறைந்தார். பிரேசிலிய மரபில் 1990இல் கருப்புப் பட்டை பெற்ற இவோன் டுவார்ட்டே அந்தப் பட்டையைப் பெற்ற முதல் பெண்மணி என்று குறிக்கப்படுகிறார். இவர்கள் எல்லாரும் தொடக்கத்தில் அடியில் கிடந்தவர்களே.

இனி உன் சந்தேகத்துக்கு வருகிறேன். அடியில் கிடப்பது உன் குறையென்று நீ எண்ணுகிறாய்; முதல் ஓராண்டுக்கு அதுவே உன் பாடம் என்று நான் எண்ணுகிறேன். பல விளையாட்டுகளில் வீழ்ந்தவன் ஆட்டத்தை இழந்தான். சடுகுடுவில் பிடிபட்டவள் களத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த வித்தையிலோ வீழ்ந்த பிறகுதான் பாதிக் கல்வி தொடங்குகிறது. மேலே இருப்பவளுக்குப் பூமியின் ஈர்ப்பு துணை நிற்கிறது. கீழே இருப்பவளுக்குத் தன் விவேகத்தைத் தவிர வேறு துணை இல்லை. ஆகையால் கீழே கற்றது தேயாமல் நிற்கும். கீழே இருந்து அஞ்சாதவள் நாளை மேலே ஏறும்போது, நழுவி விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் துணிந்து ஏறுவாள். கீழே இருக்க அஞ்சுகிறவளோ, மேலே கிடைத்த இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றும் முயலாமல் பொழுதைக் கழிப்பாள்.

அங்கே என்ன செய்வது என்று கேட்பாய். எல்லாவற்றுக்கும் முன்னே சுவாசம். நீ பள்ளிக்கூடத்தில் சடுகுடு பாடிப் பழகியவள். ஒரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்க்களத்துக்குப் போய்த் திரும்பும் அந்தப் பழக்கம் இங்கே உனக்கு விரோதியாகும். பாரம் மேலே விழுந்ததும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. மூச்சு நின்றதும் உடம்பு விறைக்கிறது. விறைத்த உடம்பு இரண்டு நிமிஷத்தில் ஓய்ந்துபோகிறது. ஒரு சுற்று ஐந்து ஆறு நிமிஷம் நடக்கும். ஆகையால் யாராவது உன்மேல் ஏறியவுடன், தப்பும் வழியைத் தேடுவதற்கும் முன்பாக, மூக்கால் நிதானமாக மூச்சை வெளியே விடு. அவள் நெஞ்சு உன் நெஞ்சின்மேல் இருந்தால் உன் நெஞ்சு விரியாது; அப்போது வயிற்றால் மூச்சு வாங்கு. நாலு முறை அப்படிச் செய்த பிறகு, முன்பு மலைபோல் இருந்த அந்தப் பாரம் உண்மையில் ஒரு தோளும் ஓர் இடுப்பும் மட்டுமே என்பதையும், அவை இரண்டுக்கும் இடையே சந்து இருப்பதையும் உன் உடம்பு கண்டுகொள்ளும்.

அடுத்தது முழங்கை. எதிரி பக்கவாட்டில் படுத்து உன்னை அழுத்தும் நிலையில், இரு கைகளையும் நீட்டி அவளைத் தள்ளிவிட வேண்டுமென்ற ஆசை எல்லாருக்கும் எழும். நீட்டிய கையைத்தான் அவள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள், அதைப் பற்றிப் பூட்டிவிடுவாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு முன்கையை அவள் கழுத்துக்கு எதிரேயும் மற்றொன்றை அவள் இடுப்புக்கு எதிரேயும் முட்டுக் கொடு. தள்ளாதே, எலும்பால் தாங்கி நில். தாங்கிய பிறகு அவளை நகர்த்துவதற்குப் பதிலாக உன்னை நகர்த்திக்கொள்: பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தி, உயர்த்திய கணத்தில் ஒருக்களித்து, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழை. முழங்கால் உள்ளே வந்துவிட்டால் உன் இரு கால்களும் அவளுக்கும் உனக்கும் நடுவே வந்து சேரும். அந்த நிலையைத்தான் கார்ட் என்கிறார்கள். வகுப்பின் ஆரம்பத்தில் பாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உங்களை இடுப்பால் ஊரச் செய்கிறாரே ஆசிரியர், அலுப்பாக இருக்கிறது என்று எழுதினாயே, அது இதற்காகத்தான். சொல்லிக் கொடுக்கப்படும் நூதனமான பிடிகளை மறந்தாலும் பாதகமில்லை, அந்த ஊர்தலை மட்டும் சிரத்தையோடு செய்.

கார்டில் இருக்கும்போது கைகள் ஒரு காரியமும் கால்கள் வேறொரு காரியமும் செய்ய வேண்டியிருப்பது உனக்குக் குழப்பத்தைத் தருகிறது. நம் வீதியில் ஜமக்காளம் நெய்கிறவர்களைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவள் நீ. குழித்தறியில் உட்கார்ந்தவரின் பாதங்கள் குழிக்குள்ளே மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துப் பாவைப் பிரிக்கின்றன. கைகள் மேலே நாடாவை ஓட்டி ஊடையை அடிக்கின்றன. காலும் கையும் தனித்தனியே வேலை செய்தும் துணி ஒன்றாக வளர்கிறது. புதிதாகத் தறியில் உட்கார்ந்தவருக்கு மிதி தவறும், கை தவறும், நூல் அறும்; யாரும் அதைக் கண்டு இவருக்கு நெசவு வராது என்று எழுப்பிவிடுவதில்லை. உன் கால்கள் எதிரியின் இடுப்பையும் தோளையும் தூரத்தில் நிறுத்துவதற்கும், கைகள் அவளுடைய சட்டைக் கையையும் கழுத்துப் பட்டையையும் பற்றித் திருப்புவதற்கும் பழகும் வரையில் நூல் அறத்தான் செய்யும்.

இனி நான் சொல்லப்போவதை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கொள். தோற்கும் தறுவாயில் கையால் தட்டி அடங்கும் அந்தச் செய்கையை, நீ வெட்கத்தோடு செய்வதாக எழுதியிருந்தாய். சில வேளை பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தாய். அம்மிணி, அப்படி ஒருநாளும் செய்யாதே. அந்தத் தட்டல் ஒன்றை நம்பித்தான் கானோ தொடங்கிவைத்த முழு ஏற்பாடும் நிற்கிறது. இருவர் முழு வலிமையோடு மோதலாம், ஏனெனில் ஒருவர் தட்டினால் மற்றவர் அந்தக் கணமே விட்டுவிடுவார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் முழு வலிமையோடு மோதுவதும் இல்லை, கற்பதும் இல்லை. பர்கூர் மலைக்கு அப்பால், மைசூர் அரண்மனையில் விஜயதசமி அன்று ஜெட்டி மல்லர்கள் செய்யும் வஜ்ரமுஷ்டிச் சண்டை, ஒருவர் தலையில் முதல் ரத்தம் துளிர்த்ததும் நிறுத்தப்படுகிறது. அது ஆண்டுக்கு ஒரு முறை தெய்வ சந்நிதியில் நடக்கும் சடங்கு, அதற்கு அந்த முடிவு பொருந்தும். நாள்தோறும் பழகவேண்டிய வித்தைக்கு ரத்தம் எல்லையாக இருக்க முடியாது.

இந்த விஷயத்தில் பெரிய வீரர்களின் கதைகளைக் கேட்டு மயங்கிவிடாதே. 1951 அக்டோபர் 23ஆம் தேதி ரியோவின் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானின் மகா வீரர் மசாஹிகோ கிமுரா, ஹீலியோ கிரேசியின் கையை முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ தட்ட மறுத்தார். அண்ணன் கார்லோஸ் குறுக்கிட்டுப் பந்தயத்தை முடித்துவைத்தார். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1976 டிசம்பரில் கராச்சி நகரில், புகழ்பெற்ற காமா பயில்வானின் குடும்பத்து அக்ரம் பயில்வான் ஜப்பானிய மல்லர் இனோக்கியின் அதே விதமான பிடியில் சிக்கியபோது அவரும் பணிய மறுத்தார். அவர் தோள் சிதைந்தது. இருவருடைய மானத்தையும் நான் வணங்குகிறேன். அவர்கள் ஆயிரக்கணக்கான கண்களுக்கு முன்னே தம் குலத்தின் பெயரைச் சுமந்து நின்றவர்கள். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் உன் தோழியோடு பழகும் உனக்கு அந்தச் சுமை இல்லை. ஹீலியோவுக்குக் குறுக்கிட ஓர் அண்ணன் இருந்தார். உனக்கு உன் கை ஒன்றுதான் இருக்கிறது. 

உன்னைப் பிடித்திருப்பவளின் உடம்பின்மேல் அவள் உணரும்படி இரண்டு மூன்று முறை தட்டு. கைகள் சிக்கியிருந்தால் காலால் பாயில் தட்டு. அதுவும் இயலாவிட்டால் வாய்விட்டுச் சொல். கழுத்துப் பிடியில், இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் செல்லும் நாளங்கள் அழுந்துவதால், பத்து வினாடி அளவுக்குள் பிரக்ஞை தப்பிவிடும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் வலிக்கு முன்பே மயக்கம் வந்துவிடும். குதிகாலைப் பற்றித் திருகும் பிடி அதைவிடக் கொடியது. திருகுவது குதிகாலை, அறுவது முழங்காலின் தசைநார். அது அறும் வரையில் வலி எச்சரிக்காது. பன்னாட்டு விதிகளே அந்தப் பிடியை வெள்ளைப் பட்டையினருக்குத் தடை செய்திருக்கின்றன. உன் கூடத்தில் யாராவது விளையாட்டாக உன்மேல் அதைச் செய்து பார்க்க வந்தால், கூடாது என்று மறுத்துவிடு. உன் கையில் ஒருவர் சிக்கியபோதோ, பிடி பொருந்திவிட்டது என்று தெரிந்த பிறகு அதை மெல்ல மெல்ல இறுக்கு. தட்டுவதற்கு அவருக்கு அவகாசம் தருவது உன் தர்மம். வேகமாக இழுத்துப் பெற்ற ஜயத்தால் நீ ஒரு தோழியை மாதக்கணக்கில் இழப்பாய்.

ஆண்களோடு பழகுவதைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். கூடத்தில் பெண்கள் குறைவாதலால், ஆண்களோடு பழகாமல் நீ முன்னேறுவது கடினம். நற்குணமும் அனுபவமும் உடைய மூத்த மாணவர் ஒருவர் தம் வலிமையை அடக்கிக்கொண்டு உன்னோடு பழகினால், ஒரு மாதத்துப் பாடத்தை ஒரு மாலையில் கற்றுக்கொள்வாய். என்றாலும் எவரோடு பழகுவது, எவரை மறுப்பது என்பது முழுக்க உன் அதிகாரம். உன்னைவிட இருமடங்கு எடையுள்ள புதிய மாணவன் ஒருவன் ஆவேசத்தோடு வந்தால், இன்று வேண்டாம் என்று சொல். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஒருவர், ஆசிரியராகவே இருந்தாலும், உன் மனம் கூசும்படி நடந்துகொண்டால், அந்தக் கணமே எழுந்து வந்துவிடு. வந்து உன் அம்மாவிடமோ என்னிடமோ சொல். கட்டிய பணம் போனால் போகட்டும். நல்ல ஆசிரியரை அறிவது கடினமன்று. அவர் தாமும் மாணவர்களோடு பாயில் இறங்கிப் பழகுவார். தாம் யாரிடம் கற்றார், யாரிடம் பட்டை பெற்றார் என்பதைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார். அடிபட்டவரை ஓய்வெடுக்க அனுப்புவார். தட்டியவரைப் பார்த்துச் சிரிக்கவிட மாட்டார்.

சுத்தத்தைக் குறித்துக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டு. தோடு, மூக்குத்தி, கொலுசு எல்லாம் விடுதியிலேயே இருக்கட்டும்; கூந்தலை இறுகப் பின்னிக் கட்டு. வகுப்பு முடிந்தவுடன் குளி, பிறகு மற்ற வேலைகளைப் பார். கீ என்னும் உன் பயிற்சிச் சட்டையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் தண்ணீரில் துவைத்து வெயில் படும் இடத்தில் முழுக்கக் காயவை. பட்டையைத் துவைத்தால் அதில் ஏறிய வித்தை கரைந்துவிடும் என்று சிலர் சொல்வதைக் கேளாதே, அதையும் துவை. சதுர மீட்டருக்கு 550 கிராம் வரை கனக்கும் துணிகளும் உண்டு. மழைக்காலத்தில் அவை இரண்டு நாளானாலும் காயா. 350 கிராம் அளவிலான மெல்லிய துணியே விடுதியில் இருப்பவளுக்கு உகந்தது. நம் சீதோஷ்ணத்தில் வியர்வை ஈரத்தில் படர்தாமரை மிக எளிதில் தொற்றும். வட்டமாகச் சிவந்து அரிப்பெடுக்கும் தடம் ஒன்று கண்டால், அது முழுதும் ஆறும் வரையில் பாயில் இறங்காதே. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதே. அது அரிப்பை அடக்கி, நோயைப் பரப்பி, பிற்பாடு நல்ல மருந்துக்கும் மசியாதபடி ஆக்கிவிடுகிறது என்று தோல் வைத்தியர்கள் எச்சரித்து வருகிறார்கள். தோல் வைத்தியரிடமே போ. காது மடல் உராய்ந்து வீங்கினால் அதையும் அலட்சியம் செய்யாதே. உள்ளே கட்டிய ரத்தத்தைச் சீக்கிரம் வெளியேற்றாவிட்டால் மடல் அப்படியே இறுகி உருமாறிவிடும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு பழகு.

பட்டைகளின் வரிசையைக் கேட்டிருந்தாய்: வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு. கருப்புப் பட்டைக்குப் பத்தாண்டு ஆவது சாதாரணம். மூன்றே ஆண்டில் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தக் கூடத்துக்குப் போகாதே. பந்தயங்களில் எதிரியைச் சாய்த்தால் இரண்டு புள்ளி, கால்களின் காவலைக் கடந்து பக்கவாட்டில் அமர்ந்தால் மூன்று, மார்பின் மேலோ முதுகிலோ ஏறி நிலைத்தால் நான்கு என்று கணக்கிடுவார்கள். 2018 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் ஜியு-ஜிட்சுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டு சென்ற பிறகு, விருப்பமிருந்தால் சென்னையிலோ பெங்களூரிலோ நடக்கும் சிறு பந்தயம் ஒன்றில் கலந்துகொள். விருப்பமில்லாவிட்டால் அதனால் உன் கல்விக்கு ஒரு குறையும் வராது.

வகுப்பு உள்ள நாள்களில் படுக்கப் போகுமுன் ஒரு குறிப்புப் புத்தகத்தில், இன்று எந்த இடத்தில் சிக்கினேன், சிக்குவதற்கு முந்தின கணத்தில் என் முழங்கை எங்கே இருந்தது என்ற இரண்டை மட்டும் எழுதிவை. கற்பித்த பிடியை எழுதாதே, அது எங்கும் கிடைக்கும். உன் முழங்கை எங்கே இருந்தது என்பதை உனக்கு வேறு யாரும் சொல்ல முடியாது.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வரும்போது உன் கீயையும் எடுத்து வா. கூடுதுறைக்குப் போய் வந்த பிறகு, அமுச்சியும் உன் அம்மாவும் பார்க்க, பக்கவாட்டுப் பிடியிலிருந்து தப்பும் வழியை என்மேல் செய்து காட்டலாம். சிமெண்டுத் தரையின்மேல் ஜமக்காளத்தை எத்தனை மடிப்பாக விரித்தாலும் அது பாய் ஆகாது. ஆகையால் வீட்டில் எறிவதும் வீழ்த்துவதும் வேண்டாம், உட்கார்ந்தும் படுத்தும் பழகுவது மட்டுமே. அதற்கு முன்பாக, இந்த வாரத்திலேயே, உன் கூடத்தில் உனக்கு மிகவும் பாரமாகத் தோன்றும் மூத்த மாணவியை நீயே தேடிப்போய், ஒரு சுற்று முழுவதும் என்மேல் அமர்ந்திருங்கள், நான் தப்ப முயலாமல் மூச்சு வாங்க மட்டும் பழகிக்கொள்கிறேன் என்று கேள். அவர் மறுக்க மாட்டார். அந்தச் சுற்று எப்படிக் கழிந்தது என்பதை அடுத்த கடிதத்தில் எனக்கு விவரமாக எழுது.

அன்புள்ள,
மாமா